வரைபடத்தின் வழுவமைதி

தமிழ் இலக்கணம் பயிற்றும் ஒருவருக்கு லேத் பட்டறையில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். நமக்கும் முதலில் அந்த ஐயம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், கோவைப் பகுதியின் சிறு பட்டறைகளில் பணிபுரிவோர்க்காக, பொறியியல் வரைபடங்களைப் படிக்கக் கற்பிக்கும் கையேடு ஒன்றைத் தமிழில் ஆக்கும் பணி நடைபெற்றது. இயந்திரவியல் பயிற்றும் நண்பர் ஒருவர் பொருளைச் சொல்ல, நாம் மொழியைச் செப்பனிட வேண்டும் என்பது ஏற்பாடு. முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம், வெட்டுத்தோற்றம் எனச் சொற்கள் தடையின்றி வந்தன. 'டாலரன்ஸ்' என்ற சொல்லுக்கு வந்ததும் எழுதுகோல் நின்றது. அகராதியைப் புரட்டிச் 'சகிப்புத்தன்மை' என்று எழுதி வைத்தோம்.

கையெழுத்துப் படியை ஒரு பட்டறையில் படித்துக் காட்டியபோது, முப்பது ஆண்டுகள் லேத்தில் நின்ற டர்னர் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு இழுப்பறையிலிருந்து கசங்கிய வரைபடம் ஒன்றை எடுத்து விரித்தார். ஓர் எஃகுத் தண்டு. விட்டம் 20 என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் கடைந்து அனுப்பிய தண்டுகள் 20.08 மில்லிமீட்டர் இருந்தன என்று கூடையோடு திரும்பி வந்தனவாம். அவ்வாரக் கூலியிலும் பிடித்தம் ஆயிற்றாம்.

"எழுதுன அளவுல எனக்குச் சண்டையில்லீங்க சார். எழுதாம விட்ட அளவுலதானுங்க அடி வாங்குறோம்" என்றார்.

அன்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திற்குப் பின்னால் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு இருப்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அதையே இங்குச் சொல்ல முயல்கிறோம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. விட்டம் சரியாக 20 மில்லிமீட்டர் உள்ள தண்டை இவ்வுலகில் எவராலும் செய்ய இயலாது. வெட்டுளி தேய்கிறது, இயந்திரம் அதிர்கிறது, அளக்கும் கருவிக்கும் தனக்கென ஒரு பிழை உண்டு. வெப்பமும் சும்மா இருப்பதில்லை. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் துண்டு, 10 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீண்டுவிடும். தொழில்துறை அளவுகள் அனைத்தும் 20 பாகை செல்சியசில் அளந்தவையாகக் கொள்ளப்படும் என்று 1931-இல் உலக நாடுகள் ஒரு வரையறை செய்துகொண்டது இதனால்தான். ஆகவே, 20 என்று மட்டும் எழுதுவது நிறைவேற்ற இயலாத கட்டளை. பெரும எல்லை இது, சிறும எல்லை இது, இவற்றிடையே எங்கு நின்றாலும் ஏற்போம் என்று எழுதினால்தான் அது செயலுக்கு உரியதாகிறது. அவ்விரு எல்லைகளுக்கு இடையிலான வெளியே டாலரன்ஸ்.

இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. நன்னூலார் வழிநின்று வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றை நாம் வகுப்பில் நடத்துகிறோம். இலக்கணப்படி அமைவது வழாநிலை. அதிலிருந்து பிறழ்வது வழு. பிறழ்ந்ததேயாயினும் ஒரு காரணம் பற்றிச் சான்றோர் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பசுவை அன்பு மிகுதியால் அம்மை என உயர்திணையில் அழைப்பவரை எந்த ஆசிரியரும் தண்டிப்பதில்லை. இம்மூன்றையும் நண்பரிடம் விளக்கியபோது, "வரைபடத்தில் நாங்கள் செய்வதும் இதுவே" என்று அவர் வியந்தார். ஆயினும் வரைபடம் தன் வழுவமைதியைக் கண்டடைய நெடுங்காலம் ஆயிற்று.

அக்கதை பிரான்சில் தொடங்குகிறது. 1746-இல் போன் என்னும் ஊரில் எளிய வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த காஸ்பார் மோன்ஜ், இளமையில் மெசியேர் நகரின் அரச இராணுவப் பொறியியல் பள்ளிக்கு வந்தார். அதிகாரி ஆவதற்குரிய வகுப்புகளில் உயர்குடியினருக்கே இடம். ஆகவே படம் வரைவோராகவும், சுதையால் மாதிரி செய்வோராகவுமே அவருக்கு வேலை கிடைத்தது. ஒருநாள், பகைவரின் குண்டுக்கு எப்பகுதியும் இலக்காகாதவாறு ஒரு கோட்டைமதிலின் உயரங்களை வகுக்கும் பணி அவரிடம் வந்தது. வழக்கமாக நீண்ட கணக்குகளால் செய்யப்படும் அதனை, அவர் வடிவியல் வரைவு முறையால் மிக விரைவில் முடித்தார். இவ்வளவு விரைவில் முடிந்தது சரியாக இருக்கவியலாது என்று மேலதிகாரி அதைப் பார்க்கவே மறுத்தார் என்பர். பார்த்தபின் அம்முறையை இராணுவ இரகசியமாக்கிப் பூட்டி வைத்தனர்.

மோன்ஜின் முறை இதுதான். ஒரு பொருளை நேர்நின்ற தளம் ஒன்றிலும் கிடைத்தளம் ஒன்றிலும் வீழ்த்தி, இரண்டையும் ஒரே தாளில் விரித்துவிட வேண்டும். இரு தோற்றங்களையும் ஒருங்கே படிக்கத் தெரிந்தவனுக்கு, முப்பரிமாணப் பொருள் தாளிலிருந்து எழுந்து நிற்கும். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகே பூட்டு திறந்தது. 1794-இல் பாரிசில் பொதுப்பணிகளுக்கான நடுவண் பள்ளி தோன்றி, அடுத்த ஆண்டே எகோல் பாலிடெக்னிக் எனப் பெயர் மாற்றம் பெற்றது. நம்மூரில் 'பாலிடெக்னிக்' என்று வழங்கும் சொல்லின் ஊற்றுக்கண் அதுவே. 1795-இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மோன்ஜ் ஆற்றிய விரிவுரைகள் 1799-இல் நூலாயின. 1816-இல் குளோட் குரோசே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் அதே பாடத்தை அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். பாரிசுப் பள்ளி தோன்றிய அதே 1794-இல் சென்னையிலும் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் நில அளவைப் பள்ளி ஒன்று எட்டு மாணவர்களுடன் தொடங்கியது. அதுவே வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று.

மோன்ஜ் தந்தது வடிவத்தைச் சொல்லும் மொழி. வடிவம் எவ்வளவு பிறழலாம் என்று சொல்ல அம்மொழியில் அப்போது சொல் இல்லை. அச்சொல் வகுப்பறையில் பிறக்கவில்லை. படைக்கலப் பட்டறைகளில், அரசுக்கும் கைவினைஞர்க்கும் இடையே நடந்த பூசலில் பிறந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு துப்பாக்கியின் அளவு என்பது, அரசு முத்திரையிட்டுத் தந்த மாதிரித் துப்பாக்கியே. அதைப் பார்த்து மற்றவற்றைச் செய்ய வேண்டும். பார்ப்பவரின் கண்ணுக்கேற்ப ஒப்புமை மாறும்; மாதிரியும் கைபட்டுத் தேயும். சோதிப்பவர் 'ஒக்கவில்லை' என்று தள்ளினால், செய்தவருக்குக் காட்ட ஒரு சான்றும் இல்லை. பிரெஞ்சுப் பீரங்கிப்படையைச் சீரமைத்த கிரிபோவால் காலத்தில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. பீரங்கிக் குண்டுகளைச் சோதிக்க இரு வளையங்கள் வந்தன. குண்டு பெரிய வளையத்தினுள் நுழைய வேண்டும், சிறிய வளையத்தினுள் நுழையக்கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்டது எதுவாயினும் நல்ல குண்டு. இன்று நம் பட்டறைகளில் 'கோ, நோ-கோ' என்று வழங்கும் கேஜின் மூதாதை அதுவே.

கிரிபோவாலின் ஆதரவு பெற்ற ஒனோரே பிளாங் என்னும் படைக்கலக் கைவினைஞர், அதே கருத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டு வந்தார். 1785-இல் பாரிசில் அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெஃபர்சன் அவரது பட்டறைக்குச் சென்றார். ஐம்பது துப்பாக்கிகளின் சுடுவிசை உறுப்புகள் பிரித்துத் தட்டுகளில் அடுக்கப்பட்டிருந்தன. கைக்கு வந்ததை எடுத்துச் சிலவற்றைத் தாமே பொருத்திப் பார்த்ததாகவும், யாவும் கச்சிதமாகப் பொருந்தியதாகவும் அவ்வாண்டு ஆகஸ்டில் ஜான் ஜேக்கு எழுதிய மடலில் அவர் வியக்கிறார். ஆயின் சேன்ட் எத்தியேன் நகரத்துத் துப்பாக்கிக் கைவினைஞர்கள் வியக்கவில்லை. உறுப்புகள் எங்கும் எவராலும் செய்யத்தக்கவை ஆகுமெனில், பொருத்தும் கைத்திறனுக்கு என்ன மதிப்பு? விலை பேசும் வலிமை எங்கே போகும்? அவர்களுடைய எதிர்ப்பு வெறும் பழமைப்பற்று அன்று. அது வயிற்றுப்பாட்டின் குரல்.

இக்காலத்தை ஆராய்ந்து 1997-இல் நூல் வெளியிட்ட வரலாற்றறிஞர் கென் ஆல்டர் முன்வைக்கும் கருத்து நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. டாலரன்ஸ் என்பது பொறியியல் முன்னேற்றத்தால் மட்டும் விளைந்ததன்று. அரசுப் பொறியாளர்க்கும் கைவினைஞர்க்கும் இடையிலான பூசலைத் தீர்க்கும் உடன்படிக்கையாகவும் விளைந்தது என்பது அவர் வாதம். எல்லை எழுதப்பட்டால் இருவரும் கட்டுப்படுகின்றனர். அதற்குள் வராததைச் செய்தவர் விற்க இயலாது; அதற்குள் வந்ததைச் சோதிப்பவர் தள்ளவும் இயலாது. நம் டர்னர் சொன்னது இதன் மறுபக்கம். எல்லை எழுதப்படாத இடத்தில் சோதிப்பவர் மட்டுமே கட்டற்றவர்.

அமெரிக்காவில் இக்கருத்து ஆரவாரத்தோடு நுழைந்தது. பத்தாயிரம் துப்பாக்கிகள் செய்து தர 1798-இல் ஒப்பந்தம் செய்த ஈலி விட்னி, 1801-இல் தலைவர்கள் முன்னிலையில் உறுப்புகளை மாற்றிப் பொருத்திக் காட்டிப் புகழ் பெற்றார். ஆனால் எஞ்சியிருக்கும் அவரது துப்பாக்கிகளைப் பிற்காலத்தார் பிரித்துப் பார்த்தபோது, உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தவில்லை. அதனை மெய்யாகச் செய்து காட்டியவர் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி படைக்கலச் சாலையின் ஜான் ஹால். 1820-களில், எண்ணற்ற கேஜ்களைக் கொண்டு அதனைச் சாதித்தார். புகழ் விட்னிக்கும் உழைப்பு ஹாலுக்குமாகப் போயிற்று.

எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் எல்லை கேஜில் இருந்ததேயன்றி வரைபடத்தில் இல்லை. வரைபடம் பெயரளவைச் சொல்லும். பொருத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பது ஃபிட்டரின் அரத்திலும் விரல்நுனியிலும் இருந்தது. வரைபடமும் அருமையான பொருள். கையால் படியெடுக்க வேண்டும். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த நீலப்படி முறை, 1870-களுக்குப் பின் தொழிற்கூடங்களில் பரவியபோதுதான் ஒரே வரைபடம் பல பட்டறைகளுக்கு ஒரே நேரத்தில் செல்ல முடிந்தது. வரைந்தவரும் செய்பவரும் ஒருவரையொருவர் பார்க்காத காலம் வந்தது. அருகிலிருந்தால் வாயால் கேட்டுத் தெளியலாம். தொலைவிலிருப்பவருக்குத் தாள் ஒன்றே துணை. ஆகவே சொல்லாமல் விட்டவை அனைத்தையும் தாள் சொல்ல வேண்டியதாயிற்று.

பொதுவான அளவுமொழியும் மெல்லத் திரண்டது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் திருகாணிகளின் புரிக்கு ஒரே சீரான வடிவத்தை முன்மொழிந்தார். சுவீடனில் யோஹான்சன் 1896-இல் வகுத்த அளவுக்கட்டைகள், 102 கட்டைகளை அடுக்கி ஆயிரக்கணக்கான அளவுகளைத் துல்லியமாக ஆக்க உதவின. 1905-இல் வில்லியம் டெய்லர் கேஜ் எவ்வாறு அமைய வேண்டும் என்னும் விதியை வகுத்தார். இருபதாம் நூற்றாண்டில் பன்னாட்டுப் பொருத்த முறையும் உருவாயிற்று. அதில் துளைக்குப் பெரிய எழுத்து, தண்டுக்குச் சிறிய எழுத்து. 20 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்று எழுதினால், 20.000 முதல் 20.021 வரை இருக்கலாம். அதனுள் சுழலும் தண்டுக்கு ஜி6 என்று எழுதினால், 19.980 முதல் 19.993 வரை. எந்தத் தண்டை எந்தத் துளையில் இட்டாலும், இடைவெளி 0.007-க்குக் குறையாது, 0.041-க்கு மிகாது. இரண்டு எழுத்து, இரண்டு எண். அவற்றுள் ஓர் உடன்படிக்கையே அடங்கிவிட்டது. நூற்பாவின் சுருக்கத்தை விரும்பும் நமக்கு இது மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

ஆனால் எல்லை வகுத்ததோடு நீதி நிறைவுற்றுவிடவில்லை. அவ்வெல்லைக்கே காரணம் உண்டா என்று கேட்ட ஒருவர் ஸ்காட்லாந்தில் இருந்தார். அலெக்சாண்டிரியா என்னும் ஊரில், முன்பு மோட்டார் வண்டி செய்த ஆர்கைல் தொழிற்சாலைக் கட்டடத்தில், பிரிட்டிஷ் கடற்படையின் டார்பிடோ தொழிற்சாலை இயங்கி வந்தது. அங்குப் பணியாற்றிய ஸ்டான்லி பார்க்கர் ஒரு விந்தையைக் கண்டார். சோதனையில் தள்ளப்பட்ட உறுப்புகள் பல, பொருத்திப் பார்த்தால் செம்மையாகப் பொருந்தின.

காரணம் எளியது. ஒரு துளையின் மையம் இடவலமாக 0.1, மேல்கீழாக 0.1 மில்லிமீட்டர் வரை விலகலாம் என்று வரைபடம் சொல்வதாகக் கொள்வோம். அனுமதித்த பரப்பு, பக்கம் 0.2 உள்ள ஒரு சதுரம். சதுரத்தின் மூலையில் நிற்கும் துளை, உரிய இடத்திலிருந்து 0.141 விலகி நிற்கிறது, அது ஏற்கப்படும். நேர் வலமாக 0.12 மட்டும் விலகிய துளையோ தள்ளப்படும். அதிகம் பிழைத்தவனை விட்டுக் குறைவாகப் பிழைத்தவனைத் தண்டிக்கும் முறை இது! துளையினுள் நுழையும் போல்ட்டுக்கு இடம் வலம் தெரியாது. எத்திசையிலாயினும் எவ்வளவு விலகல் என்பதே அதற்குப் பொருட்டு. ஆகவே அனுமதித்த பரப்பு வட்டமாக இருக்க வேண்டும் என்றார் பார்க்கர். மூலை வரை ஏற்கலாம் என்றால், அம்மூலைகளைத் தொடும் வட்டம் முழுவதையும் ஏற்கலாமே. அவ்வட்டத்தின் பரப்பு சதுரத்தைவிட 57 விழுக்காடு மிகுதி. பொருளின் தரம் அணுவளவும் குறையாமல், ஏற்கத்தக்கவற்றின் எல்லை ஒன்றரை மடங்குக்கு மேல் விரிந்தது. 1940-இல், போரின் நெருக்கடிக்கிடையே, அவரது குறிப்புகள் கடற்படை ஆயுதத்துறை வெளியீடாக அச்சேறின.

இதன் தொடர்ச்சியாக மற்றொரு கருத்தும் வளர்ந்தது. துளை தன் சிறும அளவில் இருக்கும்போதுதான் போல்ட்டுக்கு நெருக்கடி. துளை சற்றுப் பெரிதாக அமைந்தால், அதன் இடம் மேலும் சற்று விலகினாலும் போல்ட் நுழையும். 10.5 மில்லிமீட்டர்த் துளைக்கு 0.3 விட்டமுள்ள வட்டம் அனுமதி என்றால், அதே துளை 10.7 ஆக அமையும்போது 0.5 வரை தரலாம். இக்கூடுதலைப் பட்டறையில் 'போனஸ் டாலரன்ஸ்' என்பர். வரைபடத்தில் வட்டத்துக்குள் ஓர் எழுத்தாக அது குறிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாதவன், தனக்குரிய போனசைத் தீபாவளிக்கு முன்பே இழக்கிறான்!

வடிவியல் டாலரன்ஸ் என இன்று வழங்கும் இந்த இலக்கணம் பின்னர் விதிநூல்களாயிற்று. பொதுவான வரைபட விதிகளைப் பிரிட்டன் 1927-இலும், அமெரிக்கா 1935-இலும் வெளியிட்டிருந்தன. வடிவியல் குறியீடுகளை அமெரிக்க இராணுவம் 1949-இல் ஏற்றது. ஒய்14.5 என்னும் அமெரிக்கத் தரநூல் 1957-இல் தோன்றி, 1966, 1973, 1982, 1994, 2009, 2018 எனப் பதிப்புகள் கண்டது. அதனைக் கற்றோரைத் தேர்வு வைத்து இரு நிலைகளில் சான்றளிக்கும் முறையும் ஏற்பட்டது. நம் நாட்டில், 1947-இல் நிறுவப்பட்ட இந்தியத் தர நிறுவனம் பொறியியல் வரைபட நெறிகளை 1955-இல் வகுத்தது. பள்ளி கல்லூரிகளுக்கான வரைபடக் கையேடு 1988-இல் வந்தது. தொழிற்பயிற்சி நிலையங்களில் வரைபடம் நெடுங்காலம் தனிப்பாடமாகவே நடத்தப்பட்டது.

விதிநூல் இருந்தால் போதுமா? கையேட்டுப் பணியின்போது மாணவர் சிலரின் வரைபடங்களைப் பார்க்க வாய்த்தது. கோடுகள் அழகு, அளவுகள் ஒழுங்கு. டாலரன்ஸ் மட்டும் ஒன்று இல்லை, அன்றேல் எல்லா இடத்திலும் 0.01. காரணம் கேட்டால், "இறுக்கமாகக் கொடுத்தால் நல்லதுதானே ஐயா" என்றனர். 0.1-க்குள் நிற்க லேத் போதும், 0.01 என்றால் பெரும்பாலும் அரைவை இயந்திரத்துக்குப் போக வேண்டும். செலவும் நேரமும் பன்மடங்காகும். தேவையின்றி இறுக்கிய எல்லையும், எழுதாமல் விட்ட எல்லையும் ஒரே நோயின் இரு முகங்கள். தாளின் மறுமுனையில் ஒரு மனிதன் நிற்கிறான் என்பதை வரைபவர் மறந்ததே அந்நோய். இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்து, வழுவமைதிக்கு அடிப்படையான காரணத்தைக் கேட்காமல் விடும் நம் வகுப்பறைகளிலும் அது உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

கையேட்டில் 'சகிப்புத்தன்மை'யை அடித்துவிட்டோம். 'டாலரன்ஸ்' என்றே எழுதி, பக்கத்தில் 'பொறுதி' என்று சேர்த்தோம். பொறுத்தலும் உண்டு, பொறுப்பதற்கோர் எல்லையும் உண்டு என்பதை அச்சொல் ஓரளவு தாங்கும் என்று கருதினோம். முதற்பாடத்தையும் மாற்றினோம். கோடுகளைப் பற்றிய பாடம் பின்னுக்குப் போயிற்று. வரைபடம் கைக்கு வந்ததும் தாளின் கீழ்மூலைக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். பொதுப் பொறுதி எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையெனில் வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இதுவே முதற்பாடம் ஆயிற்று.

திருத்திய படியை அதே பட்டறையில் மீண்டும் படித்தோம். டர்னர் இம்முறை சிரிக்கவில்லை. முதற்பாடத்தை மறுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அந்தக் கசங்கிய வரைபடத்தை நம்மிடமே கொடுத்து, "இத வெச்சே பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க சார்" என்றார். இப்போதெல்லாம் வழுவமைதி நடத்தும் நாளில் அத்தாளை வகுப்புக்கு எடுத்துச் செல்கிறோம். விட்டம் 20 என்று மட்டும் எழுதியுள்ள அவ்விடத்தைக் காட்டி, இங்கு விடுபட்டது என்ன என்று கேட்டே பாடத்தைத் தொடங்குகிறோம்.